மூன்று மாதம் பொறுத்திருந்தால் சார்செல் வீட்டுக்கு வரியே இல்லை

மணிக்கூண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 3 ரூபாய் கொடுத்து அச்செடுத்த நாலு தாள்கள். 2021 செப்டம்பர் கடைசி வாரம் முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி அவற்றைப் படித்தேன். பாரிசுக்கு வடக்கே சார்செலில் எனக்கிருந்த வீட்டை விற்றுக்கொண்டிருந்தோம். அதற்கான வரிக் கணக்கை அங்கிருந்த நொத்தேர் அலுவலகம் மகளுக்கு அனுப்ப, அவள் எனக்கு அனுப்பியிருந்தாள். நான் எதிர்பார்த்தது பூஜ்யம். நாலாவது தாளின் அடியில் இருந்தது 20,963 யூரோ. வேறு யாருடைய கணக்கையோ மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மேலே பெயரைப் பார்த்தால் என் பெயர், என் பிறந்த தேதி, என் தெரு.

நொத்தேர் என்றால் யார் என்று பாண்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரான்சில் வீடு கைமாறும்போது பத்திரம் எழுதுவது, லாபத்துக்கான வரியைக் கணக்கிடுவது, விற்ற பணத்திலிருந்தே அதைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது எல்லாம் அவர் வேலை. நம் ஊர் பத்திர எழுத்தரையும் சார்பதிவாளரையும் ஆடிட்டரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தது போல. அதனால் அங்கே வரியைக் கட்டாமல் ஒத்திப் போடுவதோ, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதோ நடக்காது. மிச்சப் பணம்தான் கைக்கு வரும்.

முதலிலிருந்து சொல்கிறேன். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் அப்பா எழுதிக் கொடுத்தார். எனக்கு அப்போது 12 வயது, அப்பாவோடு சேர்ந்து நானும் பிரெஞ்சுக்காரன் ஆனேன். இருபத்து சொச்சம் வயதில் பாரிஸ் போனேன். பட்டாளத்துக்குப் போகவில்லை, அதனால் என்னை யாரும் சொல்தா என்று கூப்பிடுவதில்லை. விமான நிலையத்தில் சரக்கு இறக்கி ஏற்றும் பிரிவில்தான் வேலை. 2003 மே மாதம் சார்செலில் சின்னதாக ஒரு தனி வீடு, பின்னால் கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வைத்து குளிர்காலத்தில் உள்ளே தூக்கி வர ஒரு முற்றம். 1,40,000 யூரோ. பத்திரம் என் பெயரில் மட்டும். 2010-இல் 60 வயது முடிந்து ஓய்வு வந்தது. இங்கே அம்மா தனியாக இருந்தார்கள், குளியலறையில் ஒருமுறை விழுந்துவிட்டார்கள். அந்தச் செப்டம்பரில் மனைவியோடு ஊர் திரும்பினோம்.

கிளம்பும் முன் அந்த வீட்டை விற்றிருக்க வேண்டும். அப்போது விற்றிருந்தால் ஒரு சென்டிம் வரி கிடையாது. காரணம், அது எங்கள் 'ரெசிதான்ஸ் பிரான்சிபால்', அதாவது வருடம் முழுக்க நாங்கள் உண்மையிலேயே குடியிருந்த முதன்மை வீடு. பிரெஞ்சுச் சட்டத்தில் முதன்மை வீட்டை விற்று வரும் லாபத்துக்கு முழு விலக்கு. லாபம் எவ்வளவு என்ற உச்சவரம்பு இல்லை, இத்தனை வருடம் குடியிருக்க வேண்டும் என்ற கணக்கும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்: விற்கிற நாளில் அது உன் முதன்மை வீடா? இந்த 'விற்கிற நாளில்' என்ற சொல்லைத்தான் நான் பதினோரு வருடம் கவனிக்காமல் இருந்தேன். ஏழு வருடம் குடியிருந்தோமே, பிள்ளை அங்கேதான் படித்தாளே, சுவரில் அவள் உயரம் குறித்த பென்சில் கோடு இன்னும் இருக்கிறதே என்றெல்லாம் நமக்குத் தோன்றும். சட்டத்துக்கு அந்தக் கோடு தெரியாது. பிரான்சுக்குள்ளேயே வேறு ஊருக்கு மாறுகிறவர்களுக்குக் கொஞ்சம் இளக்கம் உண்டு. குடியிருக்கும்போதே விற்பனைக்குப் போட்டு, காலி செய்த பிறகு நியாயமான காலத்துக்குள், பொதுவாக ஒரு வருடத்துக்குள், விற்றுவிட்டால் விலக்கு தொடரும். ஆனால் இடையில் யாரையும் குடிவைக்கக் கூடாது, வாடகைக்கும் சரி, இனாமாகவும் சரி. நாட்டைவிட்டே கிளம்புகிறவர் கதை வேறு, அதற்கு இன்னொரு விதி. அதைப் பிறகு சொல்கிறேன்.

விற்காமல் போனதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது, அது முட்டாள்தனமான காரணமும் இல்லை. அந்தக் காலத்தில் முதன்மை வீடாக இல்லாத வீட்டுக்கும் 15 வருடம் கையில் வைத்திருந்தால் முழு விலக்கு இருந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தில் பத்து சதவீதம் கழியும், 15-இல் எல்லாம் கழிந்துவிடும். ஊருக்கு வந்த புதிதில், மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடாத நேரத்தில் கடற்கரைச் சாலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் இதுதான் வேதவாக்கு. "பதினஞ்சு வருஷம் வச்சிரு, அப்புறம் வித்தா ஃபிஸ்க் உன்ன தொடவே முடியாது" என்று ஒரு சொல்தா அண்ணன், காந்தி சிலையைச் சுற்றித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். ஃபிஸ்க் என்றால் பிரெஞ்சு வரித்துறை. நான் விரல்விட்டு எண்ணினேன். 2003-இல் வாங்கியது, 2018-இல் 15 முடியும். எட்டு வருடம் வாடகை வரட்டும், விலையும் ஏறட்டும், 2018-இல் விற்போம். தெரிந்த குடும்பம் ஒன்றைக் குடிவைத்து விட்டுத்தான் விமானம் ஏறியிருந்தேன்.

அண்ணன் சொன்னது சொன்ன நாளில் சரி. அடுத்த வருடமே அது தப்பாகிவிட்டது. 2011-இல் பிரான்சில் சட்டத்தை மாற்றி, 2012 பிப்ரவரி 1 முதல் 15 வருடத்தை 30 ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல். பின்கட்டு ஓடு முழுக்கப் போயிருந்தது, கரண்ட் இல்லை, கடலூரில் சித்தப்பாவின் முந்திரித் தோப்பு படுத்துவிட்டது. ஓட்டுக்கும் தார்ப்பாய்க்கும் அலைந்த அந்த வாரங்களில் பாரிசில் எந்தச் சட்டம் எப்படி மாறியது என்று யார் பார்த்தார்கள்? பிறகு 2013 செப்டம்பர் 1 முதல் கணக்கை இரண்டாகப் பிரித்தார்கள். லாபத்தின் மீதான 19 சதவீத வருமான வரி 22 வருடத்தில் பூஜ்யமாகும். சமூகப் பாதுகாப்புக்கான பிடித்தங்கள் 30 வருடத்தில்தான் பூஜ்யமாகும். 2018-இல் இந்தப் பிடித்தங்கள் மட்டும் 17.2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 36.2. நானோ 2018 வந்ததும், பதினஞ்சு ஆகிவிட்டது, இனி எப்போது விற்றாலும் வரி இல்லை, அவசரம் என்ன என்று இன்னும் தளர்வாக உட்கார்ந்தேன்.

ஆகவே வெளிநாட்டில் வீட்டை வைத்துக்கொண்டு இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: வருடத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்த ஊர் நொத்தேருக்கோ வரி ஆலோசகருக்கோ ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "இன்று விற்றால் எனக்கு எவ்வளவு வரி? எந்தத் தேதிக்கு முன், எந்தத் தேதிக்குப் பின் விற்றால் குறையும்?" என்று கேளுங்கள். அண்ணன்கள் பொய் சொல்வதில்லை, அவர்கள் விற்ற வருடத்து விதியைச் சொல்கிறார்கள்.

இனி அந்த இன்னொரு விதி. பிரான்சில் குடியிருந்துவிட்டு வெளிநாடு போனவர்களுக்கு, பிரான்சில் உள்ள ஒரு வீட்டை விற்கும்போது லாபத்தில் 1,50,000 யூரோ வரை விலக்கு உண்டு. பிரெஞ்சுக் குடிமகனாகவோ வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமகனாகவோ இருந்து, எப்போதாவது தொடர்ச்சியாக இரண்டு வருடமாவது பிரான்சில் வரி கட்டும் குடியாக இருந்திருந்தால் போதும். ஆனால் நாட்டைவிட்டுப் போன வருடத்துக்கு அடுத்த ஐந்தாவது வருடம் டிசம்பர் 31-க்குள் விற்க வேண்டும் என்று இருந்தது. 2019-இலிருந்து அந்த ஐந்தைப் பத்தாக்கினார்கள். எனக்கு வைத்துப் பாருங்கள். 2010-இல் கிளம்பினேன். ஐந்து வருடக் கணக்கில் 2015-இலேயே கதவு சாத்தியாகிவிட்டது. 2019-இல் யாரோ அந்தக் கதவை மறுபடி திறந்து 2020 டிசம்பர் 31 வரை திறந்தே வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியவே தெரியாது. என் லாபம் 1,50,000-க்குள் என்பதால் முழுக்க விலக்கு கிடைத்திருக்கும். குடித்தனக்காரர் சொந்தமாக வேறு வீடு வாங்கிக்கொண்டு 2020 செப்டம்பரில் காலி செய்தார். வீடு காலி, கதவு இன்னும் நாலு மாதம் திறந்திருக்கிறது. நான் கொரோனா என்று வீட்டுக்குள் இருந்தேன். வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன, எனக்கு 70 வயது, சர்க்கரை வேறு. மகள், "அப்பா, இப்ப வராதீங்க, வெயில் காலத்துல பாத்துக்கலாம்" என்றாள். சரி என்றேன்.

வெயில் காலத்தில் ஆள் கிடைத்தது. 2021 ஜூனில் ஒரு இளம் தம்பதி வந்து பார்த்தார்கள், 2,90,000 யூரோ பேசி முடித்தோம். இங்கே முன்பணம் கொடுத்து அக்ரிமென்ட் போடுவது போல அங்கே 'கொம்ப்ரொமி' என்று ஒன்று, அதில் ஜூலையில் கையெழுத்து. மரீன் வீதியில் உள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகத்துக்குப் போய் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நொத்தேர் வேலையெல்லாம் இப்போது நாங்கள் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் மகளுக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தேன். அந்தக் கதையே தனியாக எழுதலாம், விடுங்கள். நொத்தேர் அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வித்தாள் வந்தது. எந்த வருடம் பிரான்சைவிட்டுப் போனீர்கள், வீட்டில் யாராவது இருக்கிறார்களா, கடைசியாக யார் இருந்தார்கள், எப்போது காலி செய்தார்கள். எல்லாவற்றையும் உண்மையாக, நல்ல கையெழுத்தில் நிரப்பி அனுப்பினேன். அதைப் படித்த யாராவது அன்றைக்கே ஒரு போன் போட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. யாரும் போடவில்லை. நானும் "இந்தக் கேள்வியெல்லாம் ஏன் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். படிவத்தில் ஒரு தேதி கேட்டால் அந்தத் தேதியில் பணம் ஒளிந்திருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

செப்டம்பரில் வந்த அந்த நாலு தாளுக்குத் திரும்புகிறேன். எனக்குப் பேச்சுப் பிரெஞ்சு நன்றாக வரும், வரித்துறைப் பிரெஞ்சு வராது. தெருக்கோடியில் இருக்கும் தங்கை மகள் அலியான்ஸ் பிரான்சேஸில் படித்தவள், அவளைக் கூப்பிட்டேன். தாளில் விரலை வைத்து வரிவரியாகப் போனாள். மூன்றாவது தாளில் நின்றாள். "மாமா, இந்த விலக்கு உங்களுக்கு ஏன் இல்லன்னு எழுதியிருக்காங்க. பத்து வருஷம் 2020-ல முடிஞ்சு போச்சாம்." சரி, அப்புறம்? "இல்ல, இன்னொரு வழியும் இருக்காம். விக்கிற வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜனவரி ஒண்ணுலேர்ந்து வீடு உங்க கையில காலியா இருந்தா, பத்து வருஷக் கணக்கே கிடையாதாம்." நான் மனதுக்குள் எண்ணினேன். 2021-இல் விற்கிறோம். 2020 ஜனவரி 1-இல் வீட்டில் குடித்தனக்காரர் இருந்தார். சரிதான், இல்லை. அவள் தாளைக் கீழே வைக்கவில்லை. "மாமா, அவங்க எப்ப காலி பண்ணாங்க?" 2020 செப்டம்பர். "அப்படின்னா 2021 ஜனவரி ஒண்ணுல வீடு காலி. நீங்க 2022-ல வித்தீங்கன்னா..." என்று சொல்லி நிறுத்திவிட்டாள். பத்திரப் பதிவுக்குக் குறித்திருந்த நாள் அக்டோபர் 14. 2022 ஜனவரி முதல் வாரத்துக்கு இன்னும் பன்னிரண்டு வாரம்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மகளுக்குப் போன் போட்டு, பதிவை ஜனவரிக்குத் தள்ளச் சொன்னேன். வாங்குகிறவர்களிடம் கேட்டாள். அவர்கள் மேல் குற்றமில்லை: வங்கிக் கடன் கைக்கு வந்துவிட்டது, அதற்குக் கெடு இருக்கிறது, குடியிருக்கும் வாடகை வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள், வயிற்றில் பிள்ளை வேறு. விலையில் 5,000 யூரோ குறைத்துக்கொள்கிறோம் என்றும் சொல்லிப் பார்த்தோம். முடியாது என்றார்கள். கொம்ப்ரொமியை முறித்தால் விலையில் பத்து சதவீதம் அபராதம் என்று அதிலேயே எழுதியிருந்தது, 29,000 யூரோ. வரியைவிட அதிகம். ஆக, கையெழுத்துப் போட்ட பிறகு தெரிந்துகொண்ட எதுவும் எனக்கு உதவவில்லை. ஜூலையில் கொம்ப்ரொமி எழுதும்போதே "இறுதிப் பதிவு 2022 ஜனவரி 3-க்குப் பிறகு" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். ஆறு மாத இடைவெளி அவர்களுக்கும் அப்போது பெரிய விஷயமாக இருந்திருக்காது. காலி வீட்டை மூன்று மாதம் கூடுதலாக வைத்திருக்க சொத்துவரிப் பங்கு, காப்பீடு, குழாய் உறையாமல் இருக்கக் கொஞ்சம் ஹீட்டர் என்று எல்லாம் சேர்த்து ஆயிரம் யூரோ ஆகியிருக்கும்.

கணக்கைப் பலர் கேட்டார்கள், அதனால் அப்படியே வைக்கிறேன். வாங்கிய விலை 1,40,000. வாங்கிய செலவுக்காக அதில் 7.5 சதவீதம், 10,500, பில் இல்லாமலே சேர்த்துக்கொள்ள விடுகிறார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் வீட்டில் செய்த வேலைகளுக்காக 15 சதவீதம், 21,000, அதுவும் பில் இல்லாமலே. ஆக அடக்கம் 1,71,500. விற்றது 2,90,000. லாபம் 1,18,500. முழுதாக 18 வருடம் வைத்திருந்ததால், ஆறாவது வருடத்திலிருந்து வருடத்துக்கு 6 சதவீதம் என்று வருமான வரிக்கான லாபத்தில் 78 சதவீதம் கழிந்தது. மிச்சம் 26,070-க்கு 19 சதவீதம், 4,953 யூரோ. பார்த்தால் சின்னத் தொகைதான். சமூகப் பிடித்தத்துக்குக் கழிவு வருடத்துக்கு 1.65 சதவீதம் மட்டும், 18 வருடத்துக்கு 21.45 தான் கழிந்தது. மிச்சம் 93,081-க்கு 17.2 சதவீதம், 16,010 யூரோ. உதைத்தது இதுதான். ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கிறவர் 1,50,000 யூரோவுக்கு மேல் விற்றால் அங்கீகாரம் பெற்ற வரிப் பிரதிநிதி ஒருவரை வைக்க வேண்டும் என்று இன்னொரு செலவு, அவர் 2,300 வாங்கினார். மொத்தம் 23,000 யூரோவுக்கு மேல், அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 20 லட்ச ரூபாய். ஒரு விஷயம்: சமையலறையை 2008-இல் முழுக்க மாற்றியதற்கு நான் செலவழித்தது 21,000-ஐ விடக் குறைவு, அதனால் பில் இல்லாதது நஷ்டமில்லை. நீங்கள் கூரை, மாடி என்று பெரிதாகச் செலவழித்தவர் என்றால், அங்கே பதிவு பெற்ற நிறுவனம் கொடுத்த பில்களைப் பத்திரமாக வையுங்கள். நம் பையன்களை வைத்து ஞாயிற்றுக்கிழமை பூசிய சுவருக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

மனைவியிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. பெரிய மார்க்கெட்டில் கீரைக்கட்டு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறவன் நான், அதைக் கேலி செய்கிறவள் அவள். சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "2020-ல நான் வித்துடலாம்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?" என்றாள். இருந்தது. அந்த வருடம் முழுக்க அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இந்தியப் பக்கம் எனக்கு நல்லபடி முடிந்தது, ஆனால் அது என் சாமர்த்தியமில்லை. நான் வருடம் முழுக்கப் புதுச்சேரியில் இருக்கிறவன், ஆகவே பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தாலும் இந்திய வருமான வரிச் சட்டப்படி இங்கேதான் குடி. உலகத்தில் எங்கே லாபம் வந்தாலும் இங்கேயும் காட்ட வேண்டும். அங்கே வரி பிடித்துவிட்டார்களே, இங்கே எதற்கு என்று விட்டுவிடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வெளிநாட்டு வீட்டையும் வங்கிக் கணக்கையும் ஒவ்வொரு வருடமும் ரிட்டர்னில் அதற்கான அட்டவணையில் காட்டியாக வேண்டும், 2015-இல் வந்த கருப்புப் பணச் சட்டத்தில் காட்டாததற்கு 10 லட்சம் அபராதம் என்று என் ஆடிட்டர் ஆரம்பத்திலேயே பயமுறுத்திக் காட்ட வைத்திருந்தார். கடுகடுப்பான மனிதர், ஆனால் அவர் இல்லாவிட்டால் இந்தக் கதையில் இன்னொரு பாதி இருந்திருக்கும்.

லாபக் கணக்கும் இங்கே வேறு மாதிரி. அப்போது பணவீக்கக் குறியீட்டால் வாங்கிய விலையை உயர்த்திக்கொள்ளலாம். 2003-04-க்கு 109, 2021-22-க்கு 317, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மிஞ்சிய லாபத்துக்கு, 1961 சட்டத்தின் 54-ஆம் பிரிவில், இந்தியாவில் ஒரு குடியிருப்பு வீடு வாங்கினால் விலக்கு. விற்ற நாளுக்கு முன் ஒரு வருடத்திலோ பின் இரண்டு வருடத்திலோ வாங்கலாம், கட்டுவதானால் மூன்று வருடம். ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் வாங்கி முடிக்காத பணத்தை வங்கியில் மூலதன ஆதாயத்துக்கென்றே உள்ள தனிக் கணக்கில் போட வேண்டும். சாதாரண எஃப்டியில் போட்டால் செல்லாது. நான் போட்டு வைத்து, 2022 கடைசியில் லாஸ்பேட்டையில் ஒரு ஃபிளாட் வாங்கினேன்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிரான்சோடு சம்பந்தமே இல்லாதவர்களும் இதில் விழுகிறார்கள். "நான் குடியிருந்த வீடுதானே, ஒரே வீடுதானே, அதை வித்தா என்ன வரி?" என்று பலர் கேட்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் முதன்மை வீடு என்பதற்காக மட்டும் விலக்கு என்று ஒன்று கிடையாது. நாற்பது வருடம் அதே வீட்டில் குடியிருந்து விற்றாலும், வாடகைக்கு விட்டு விற்றாலும், லாபத்துக்கான கணக்கு ஒன்றுதான். விலக்கு வேண்டுமென்றால் வேறு வீடு வாங்க வேண்டும், அல்லது அரசு குறித்த கடன் பத்திரங்களில் (1961 சட்டத்தில் 54இசி பிரிவு) ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், அதிலும் 50 லட்சம் வரைதான். விற்ற பணத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆடிட்டரிடம் போன ஒருவரை எனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் திருப்பிக் கேட்கவா முடியும்? அங்கே 'யார் குடியிருந்தார்' என்று பார்க்கிறார்கள், இங்கே 'பணத்தை என்ன செய்தாய்' என்று பார்க்கிறார்கள். ஒரு நாட்டு வழக்கத்தை இன்னொரு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 2024 ஜூலை 23 முதல் இங்கேயும் விகிதம் மாறிவிட்டது, இப்போது குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம். அதற்கு முன் வாங்கிய நிலம், வீடு என்றால் இங்கே குடியிருக்கும் தனிநபர் பழையபடி குறியீட்டோடு 20 சதவீதம் கட்டினால் எவ்வளவு என்றும் பார்த்து, குறைவானதைக் கட்டலாம். இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சமீபத்தில் குருசுக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடி வந்தார். அண்ணன் வீடு வித்த கதையைக் கேட்டேன், எனக்கும் க்ரெத்தேயில் ஒரு அப்பார்ட்மென்ட் இருக்கு, பாத்துச் சொல்லுங்க என்றார். நொத்தேரிடம்தான் போக வேண்டும், நான் சொல்வதை வைத்து எதுவும் செய்யாதே, விதி மறுபடியும் மாறியிருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் கேட்டேன், பிரான்சை விட்டு எப்போ கிளம்பினே? "2016, பெஞ்சல் பொயலுக்கு ரொம்ப முன்னாடி" என்று சிரித்தார். வீட்டில் யாராவது இருக்கிறார்களா? "இருக்காங்கண்ணே, நல்ல குடும்பம், ஒண்ணாம் தேதி டான்னு வாடகை வந்துடும்." உள்ளே போய் நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தேன். 2016-க்கு அடுத்து பத்து வருடம் எண்ணச் சொன்னேன். எண்ணிக்கொண்டே வந்தவர் 2026 டிசம்பர் என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த டீயைத் திண்ணையில் வைத்தார்.